எந்த உயிரிடம் கேட்பது?

ஒரே கேள்விக்கு இரண்டு விலங்குகள் நேரெதிரான விடைகளைச் சொன்ன கதை கருவியலின் வரலாற்றில் உண்டு. 1888-ல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் ரூ, தவளை முட்டை முதன்முறையாக இரண்டு செல்களாகப் பிளந்ததும், ஒன்றைச் சூடேற்றிய ஊசியால் குத்திக் கொன்றார். எஞ்சிய செல் பாதிக் கருவாகத்தான் வளர்ந்தது. உடலின் எந்தப் பகுதி எந்தச் செல்லிலிருந்து வரும் என்பது முதல் பிளவிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்று ரூ முடிவுகட்டினார். சுமார் மூன்று ஆண்டுகள் கழித்து ஹான்ஸ் ட்ரீஷ் அதே கேள்வியைக் கடல் முள்ளெலியின் கருவிடம் கேட்டார். ட்ரியெஸ்ட் என்ற கடற்கரை நகரில் வேலைசெய்த அவர், இரண்டு செல் நிலையிலிருந்த கருக்களைக் கடல்நீரோடு சேர்த்துக் குலுக்கினார். செல்கள் தனித்தனியே பிரிந்தன. பாதி லார்வா கிடைக்கும் என்றுதான் அவரும் எதிர்பார்த்தார். கிடைத்தவையோ அளவில் சிறியவை, ஆனால் குறை ஏதுமில்லாத முழு லார்வாக்கள்.

இருவரும் கண்டதைத்தான் எழுதினார்கள். கோளாறு எங்கே என்பது பிற்பாடு விளங்கியது. ரூ கொன்ற செல், உயிருள்ள செல்லோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. அந்தப் பிணத்தின் அணைப்பே அடுத்த செல்லின் போக்கை மாற்றிவிட்டது. 1910-ல் மெக்லென்டன் தவளைக் கருவின் ஒரு செல்லை முற்றாக அகற்றிப் பார்த்தபோது, மற்றது முழுக் கருவாகவே வளர்ந்தது. தவளை முட்டையின் செல்களை எளிதில் பிரிக்க முடியாது. கடல் முள்ளெலியின் செல்கள் குலுக்கினாலே பிரிந்துவிடும். விலங்கின் உடல் எந்தச் சோதனைக்கு இடங்கொடுத்ததோ, அதுவே விடையின் வடிவத்தையும் தீர்மானித்தது.

நான் இங்கே சொல்ல விரும்புவது இதைத்தான். வளர்ச்சி உயிரியலில் ஆய்வுக்கு எடுக்கப்படும் விலங்கு மனிதனை ஒத்திருப்பதாலோ, இயற்கையில் முக்கியமானது என்பதாலோ தேர்வாவதில்லை. ஒரு குறிப்பிட்ட கேள்வியைக் கேட்க அதன் உடல் வழிவிடுகிறது என்பதால் தேர்வாகிறது. அப்படி வழிவிட்ட அதே குணம், கிடைக்கும் விடையிலும் தன் சாயலை விட்டுச்செல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நம் உடல் உருவாகும் விதத்தைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதைச் சரியாக எடைபோட முடியாது.

தகுதிகள்

மனிதக் கருவின் முதல் வாரங்கள் கருப்பையின் இருளில் கழிகின்றன. பெண் தான் கருவுற்றிருப்பதை அறியும் முன்பே உடலின் தலை, வால், முதுகு, வயிறு எனும் திசைகள் வகுக்கப்பட்டுவிடுகின்றன. அதை நேரில் பார்க்கவும் வழியில்லை, அதில் கைவைக்கவும் அறம் இடந்தராது. எனவே வேறோர் உயிரிடம்தான் போக வேண்டும்.

டென்மார்க்கைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் அகஸ்ட் குரோக் 1929-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். பல சிக்கல்களுக்கு, அவற்றை ஆராய்வதற்கு மிக வாகான விலங்கு ஒன்றோ சிலவோ எங்காவது இருக்கும் என்பது அதன் சாரம். வளர்ச்சி உயிரியல் இந்த நெறியை மற்ற துறைகளைவிட ஆழமாகப் பின்பற்றியிருக்கிறது. கரு தாய்க்கு வெளியே வளர வேண்டுமா, ஒளி ஊடுருவும் உடல் வேண்டுமா, கத்தி வைக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டுமா, தலைமுறைகள் விரைவாக மாற வேண்டுமா, ஆயிரக்கணக்கில் குறைந்த செலவில் வளர்க்க முடிய வேண்டுமா என்பதெல்லாம் கேள்வியைப் பொறுத்தது. எல்லாத் தகுதிகளும் ஒருங்கே அமைந்த விலங்கு கிடையாது. ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

கைபடும் கருக்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருவியலாளரின் பெரிய கேள்வி, ஒரு செல் தன் வேலையைத் தானாகவே அறிகிறதா, அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் அறிகிறதா என்பதாக இருந்தது. இதற்கு வெட்டி ஒட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெட்டுவதற்குப் பெரிய முட்டை வேண்டும். வெட்டுப்பட்ட பிறகும் பிழைக்கும் கரு வேண்டும். நியூட் எனும் வாலுள்ள நீர்நிலவாழ்வி இதற்கு அமைந்தது.

ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஷ்பேமானின் ஆய்வகத்தில் இருந்த கருவிகள் மிக எளியவை: சுடரில் இழுத்து நுனியைக் கூராக்கிய கண்ணாடி ஊசி, குழந்தையின் மென்மையான தலைமுடியில் செய்த சுருக்கு. இவற்றைக் கொண்டு அவருடைய மாணவி ஹில்டே மாங்கோல்டு, ஒரு கருவின் முதுகுப்புறத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்து இன்னொரு கருவின் வயிற்றுப்புறத்தில் பதித்தார். அங்கே இரண்டாவதாக ஓர் உடல் முளைத்தது; முதுகுநாண், நரம்புக் குழாய் எல்லாம் கூடிய ஓர் இரட்டை, முதல் உடலோடு வயிற்றில் ஒட்டியபடி.

அந்தச் சோதனையின் உயிர்நாடி விலங்குத் தேர்வில்தான் இருந்தது. துணுக்கைத் தந்த நியூட் இனம் வெளிறிய செல்களைக் கொண்டது. துணுக்கை ஏற்ற இனம் கருநிறச் செல்களைக் கொண்டது. இரண்டாவது உடலைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதன் நரம்புக் குழாயில் பெரும்பகுதி கருஞ்செல்களால் ஆகியிருந்தது. வந்து ஒட்டிய துணுக்கு தானே உடலாக வளரவில்லை. வயிற்றுத் தோலாகப் போயிருக்க வேண்டிய அண்டைச் செல்களை நரம்பாக மாறும்படி ஏவியிருக்கிறது. ஒரே இனத்தில் இதைச் செய்திருந்தால் எந்தச் செல் யாருடையது என்றே தெரிந்திருக்காது. கட்டுரை 1924-ல் வெளிவந்தது. அதே ஆண்டில் அடுப்பு வெடித்த விபத்தில் மாங்கோல்டு இறந்தார். 1935-ல் நோபல் பரிசு ஷ்பேமானுக்கு வந்தது.

நியூட்டிடம் ஒரு குறை. அது இளவேனிலில்தான் முட்டையிடும். ஆய்வாளர் ஆண்டின் மற்ற மாதங்களில் கைகட்டிக் காத்திருக்க வேண்டும். இந்தக் குறையைத் தீர்த்த விலங்கு எதிர்பாராத வழியில் வந்தது. தென்னாப்பிரிக்காவின் நகத்தவளைக்குக் கருவுற்ற பெண்ணின் சிறுநீரை ஊசியில் ஏற்றினால், அதிலுள்ள ஹார்மோன் தூண்டி அது அரை நாளுக்குள் முட்டையிட்டுவிடும். லான்சலட் ஹாக்பென் தொடங்கிவைத்த ஆய்வுகளின் வழியே 1930-களில் இது கர்ப்பப் பரிசோதனையாகப் பரவியது. உலகெங்கும் மருத்துவமனைகள் இந்தத் தவளையை வளர்த்தன. கேட்ட நாளில் முட்டை தரும் தவளை என்பது கருவியலாளருக்கு வரமாக அமைந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் கர்டன் இந்தத் தவளையின் முட்டையிலிருந்த உட்கருவை அழித்து, தலைப்பிரட்டையின் குடற்செல் உட்கருவை உள்ளே வைத்தார். சில முட்டைகள் முழு வளர்ச்சி கண்டன. முதிர்ந்த செல்லிலும் முழு உடலுக்கான மரபுச் செய்தி அழியாமல் இருக்கிறது என்பது 1962-ல் இப்படித்தான் நிறுவப்பட்டது. அதற்கு 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கோழி முட்டையின் கதை இன்னும் பழையது. அரிஸ்டாட்டில் அடைகாத்த முட்டைகளை நாள்வாரியாக உடைத்து, மூன்றாம் நாளில் இரத்தப் புள்ளியாகத் துடிக்கும் இதயத்தைக் குறித்துவைத்தார். ஓட்டில் சிறு சன்னல் வெட்டிக் கருவைத் தொட்டுவிட்டு, சன்னலை ஒட்டி மூடி மீண்டும் அடைகாக்க வைக்கலாம். கரு வளர்ந்துகொண்டே போகும். 1969-ல் நிகோல் லெ துவாரின் இதில் காடையைச் சேர்த்தார். காடையின் செல்லில் உட்கருவுக்குள் அடர்ந்த திரள் ஒன்று உண்டு. சாயமேற்றினால் அது தனித்துத் தெரியும். கோழிச் செல்லில் அது கிடையாது. காடைக் கருவின் துணுக்கைக் கோழிக் கருவில் பதித்தால், அந்தச் செல்கள் எங்கெங்கு பயணம்செய்கின்றன என்பதை நாள் கடந்தும் பின்தொடர முடிந்தது. நரம்புக் குழாயின் மேல்விளிம்பிலிருந்து கிளம்பும் செல்கள் முக எலும்புகளாகவும், தோலின் நிறச் செல்களாகவும், குடலின் நரம்புகளாகவும் போய்ச் சேரும் வழிகள் இப்படித்தான் வரைபடமாயின. மாங்கோல்டுக்கு இரண்டு நிற நியூட்டுகள் எதைச் செய்தனவோ, லெ துவாரினுக்குக் கோழியும் காடையும் அதைச் செய்தன.

மரபணுவைத் தேடும்போது

வெட்டி ஒட்டுவதால் செல்களுக்கிடையே ஏவல் நடப்பதை அறியலாம்; அந்த ஏவலின் பொருள் என்ன, அதை எழுதிய மரபணு எது என்பதை அறிய முடியாது. அதற்கு மரபணுக்களைக் குருட்டாம்போக்கில் சிதைத்து, எதைச் சிதைத்தால் உடலில் எது கெடுகிறது என்று பார்க்க வேண்டும். பல்லாயிரம் குடும்பங்களைப் பல தலைமுறைகள் வளர்க்க வேண்டிய வேலை. நியூட்டும் நகத்தவளையும் இதற்கு உதவா. நகத்தவளை பருவத்துக்கு வர ஓராண்டுக்கு மேல்கூட ஆகும், அதன் மரபுத்தொகுதியும் இரட்டித்துக் கிடக்கிறது.

இங்கேதான் பழ ஈ வருகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் 1910-ல் வெள்ளைக்கண் ஈ ஒன்றைக் கண்டதிலிருந்து, இந்தப் பூச்சி மரபியலின் அடித்தளமாகிவிட்டிருந்தது. பத்து நாளுக்கு ஒரு தலைமுறை, நான்கே இணை குரோமோசோம்கள், பால் புட்டியில் வளர்க்கலாம். மார்கனும் மாணவர்களும் தங்கள் ஈ வகைகளைக் கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக அனுப்பினார்கள். அந்தப் பண்பாடும் பழ ஈயின் வெற்றிக்குக் காரணம்.

1970-களின் இறுதியில் ஹைடல்பர்கில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாவுஸும் ஆண் ஈக்களுக்குச் சர்க்கரைக் கரைசலில் மரபணுவைச் சிதைக்கும் வேதிப்பொருளைக் கலந்து கொடுத்தார்கள். அவற்றின் பேரப்பிள்ளைகளுக்கு அடுத்த தலைமுறையில், பொரிக்காமல் இறந்த கருக்களைப் பொறுக்கி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார்கள். இருவரும் எதிரெதிரே அமர்ந்து ஒரே காட்சியைக் காணும் இரட்டை நுண்ணோக்கி அவர்களிடம் இருந்தது. லார்வாவின் வயிற்றுத் தோலில் ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு பட்டையாக நுண்முட்கள் இருக்கும். பட்டை ஒன்றுவிட்டு ஒன்று காணாமற்போனால் ஒரு வகைக் கோளாறு. நடுவில் ஒரு பெரும்பகுதியே இல்லையென்றால் இன்னொரு வகை. ஒவ்வொரு கண்டத்திலும் மொழுமொழுவென்ற பகுதி மறைந்து முட்களே அடர்ந்துவிட்டால் மூன்றாவது வகை. 1980-ல் வெளிவந்த கட்டுரையில் பதினைந்து மரபணுக்கள் இந்த மூன்று வகைகளில் அடங்கின. உடலைக் கண்டங்களாகப் பிரிக்கும் வேலை படிப்படியாக, பெரும் பகுதியிலிருந்து சிறு பகுதிக்கு இறங்குகிறது என்பதை இறந்த லார்வாக்களின் தோலே சொல்லிவிட்டது. 1995-ல் எட்வர்ட் லூயிஸோடு சேர்ந்து இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

பார்த்தே தீர வேண்டியவை

கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் 1960-களில் வேறொரு வழியில் யோசித்தார். ஒரு விலங்கின் எல்லாச் செல்களையும், ஒன்றுவிடாமல், முட்டை முதல் முதிர்ச்சி வரை அறிய வேண்டும். அப்படியானால் செல்கள் குறைவாக இருக்க வேண்டும், உடல் ஒளி ஊடுருவ வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள எலிகன்ஸ் உருளைப்புழுவை அவர் தேர்ந்தார். பாக்டீரியாவைத் தின்று மூன்று நாளில் பருவமடையும். தனக்குத் தானே கருவுற்று ஏறத்தாழ முந்நூறு குஞ்சுகளை ஈனும். உறையவைத்து ஆண்டுக்கணக்கில் சேமித்து மீண்டும் உயிர்ப்பிக்கலாம்.

அவருடைய சகா ஜான் சல்ஸ்டன் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். புழுவின் கரு நிலையில் நடக்கும் செல் பிளவுகளைப் பார்த்து, வண்ணப் பென்சில்களால் படம் வரைந்து, ஒவ்வொரு செல்லின் பிறப்பையும் பிளவையும் சாவையும் பதிந்தார். நாளுக்கு இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. கரு வளர்ச்சியின் முழுக் குடிவழி 1983-ல் அச்சேறியது. இருபால் புழு உருவாகும்போது 1,090 உடற்செல்கள் பிறக்கின்றன, அவற்றில் 131 செல்கள், எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131 செல்கள், குறித்த நேரத்தில் இறக்கின்றன, 959 எஞ்சுகின்றன. உடலைக் கட்டும் திட்டத்தில் சாவும் எழுதப்பட்டிருக்கிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து ராபர்ட் ஹார்விட்ஸ் அந்தச் சாவை நடத்தும் மரபணுக்களைத் தேடிப் பிடித்தார். சாவைத் தடுக்கும் புழு மரபணுவுக்கு இணையான ஒன்று மனிதரின் நிணநீர்ப் புற்றுநோயில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. மனித மரபணுவைப் புழுவுக்குள் வைத்தபோது அது அங்கும் செல் சாவைத் தடுத்தது. பிரென்னர், சல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவரும் 2002-ல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

ஆனால் புழுவுக்கு முதுகெலும்பு கிடையாது, இதயமும் இல்லை. முதுகெலும்புள்ள விலங்கில், ஈயிடம் செய்ததைப் போன்ற மரபணுத் தேடலைச் செய்ய முடியுமா என்று ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் யோசித்தார். அலங்கார மீன் கடையில் கிடைத்த ஜீப்ரா மீன் அவருக்குப் பொருத்தமாகத் தோன்றியது. 1981-ல் வெளிவந்த அவருடைய கட்டுரை இந்த மீனை மரபியலுக்குள் கொண்டுவந்தது. விரற்கடை நீளமுள்ள இந்த வரிமீன் நம் துணைக்கண்டத்தின் நீர்களுக்கு உரியது. ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கையின் மீன்களைப் பற்றி 1822-ல் வெளியிட்ட நூலில்தான் இது முதலில் விவரிக்கப்பட்டது. பெண் மீன் ஒரே முறையில் நூறு, இருநூறு முட்டைகள் இடும். முட்டை நீரிலேயே கருவுற்று நீரிலேயே வளரும். ஒரு நாளுக்குள் தலையும் வாலும் கண்ணும் உருப்பெற்று, இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். உடல் தெளிவாக இருப்பதால், உயிரோடு இருக்கும் கருவில் இரத்தம் ஓடுவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். 1996 டிசம்பரில், டூபிங்கனிலும் பாஸ்டனிலும் நடந்த இரண்டு பெரிய தேடல்களின் முடிவுகள் ஓர் இதழையே நிறைத்தன. கோழியில் கத்தியாலும் ஈயில் வேதிப்பொருளாலும் தனித்தனியே நடந்த வேலைகள் இந்த மீனில் ஒன்றுகூடின.

எலி இவற்றுக்கெல்லாம் எதிர்முனை. கரு கருப்பைக்குள் ஒளிந்திருக்கும், ஈற்றுக்குச் சில குட்டிகள்தான், வளர்ப்புச் செலவும் அதிகம். ஆனாலும் அது பாலூட்டி. கருவிலிருந்து எடுத்த மூலச் செல்களை வளர்க்கும் முறை 1981-ல் கிடைத்ததும், குறித்த ஒரு மரபணுவை மட்டும் அழித்த எலிகளை 1980-களின் இறுதிமுதல் உருவாக்க முடிந்தது. குருட்டாம்போக்கில் தேட ஈ. கண்டதை நம் சுற்றத்தில் சோதித்துப் பார்க்க எலி. இப்படி ஒரு வேலைப் பகிர்வு உருவானது.

ஒரு மரபணுவின் பயணம்

இந்தப் பகிர்வு எப்படி வேலைசெய்கிறது என்பதற்கு ஹெட்ஜ்ஹாக் மரபணுவின் கதையைவிட நல்ல சான்று இல்லை.

1980-ல் ஹைடல்பர்கில் கண்ட பதினைந்தில் ஒன்று இது. இது சிதைந்த லார்வா குட்டையாக, உடலெங்கும் முள்ளடர்ந்து கிடந்ததால் முள்ளெலியின் பெயர் வைத்தார்கள். இதற்கு முன்பிருந்தே கோழிக் கருவியலில் வேறொரு புதிர் நிலவியது. சிறகாக வளரவிருக்கும் மொட்டின் பின்விளிம்பிலுள்ள சிறு பகுதியை வெட்டி முன்விளிம்பில் ஒட்டினால், விரல்கள் இரட்டித்து, கண்ணாடிப் பிம்பமாக இருபுறமும் வளரும். 1968-ல் சாண்டர்ஸும் காசெலிங்கும் இதைக் கண்டார்கள். அந்தப் பகுதி எதையோ சுரந்து, எந்த விரல் எங்கே வர வேண்டும் என்று சொல்கிறது. எதைச் சுரக்கிறது என்பது கால் நூற்றாண்டாகத் தெரியவில்லை. 1993-ல் ஈயின் ஹெட்ஜ்ஹாக் மரபணுவை வைத்து முதுகெலும்பிகளில் தேடியபோது அதன் உறவு மரபணு கிடைத்தது. சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்று பெயரிட்ட அது, கோழிச் சிறகு மொட்டின் அதே பின்விளிம்பில் இயங்கிக்கொண்டிருந்தது. அதை முன்விளிம்பில் இயங்க வைத்ததும் விரல்கள் இரட்டித்தன.

1996-ல் எலியில் இந்த மரபணுவை அழித்தார்கள். குட்டிகள் முகத்தின் நடுவில் ஒற்றைக்கண்ணோடு உருவாயின. அதே ஆண்டில், மூளையின் முன்பகுதி இரண்டாகப் பிரியாமல் பிறக்கும் குழந்தைகள் சிலரிடம் இந்த மரபணுவின் மனித வடிவம் பழுதாகியிருப்பது தெரிந்தது. அமெரிக்காவின் ஐடஹோ மேய்ச்சல் நிலங்களில் ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டிகள் பிறந்துகொண்டிருந்ததற்கும் பின்னர் விளக்கம் கிடைத்தது: சினையாடுகள் மேய்ந்த காட்டுச் செடி ஒன்றிலிருந்த நஞ்சு, ஹெட்ஜ்ஹாக் செய்தி செல்லுக்குள் போகும் பாதையை அடைத்துவிடுகிறது. இந்தப் பாதை முதிர்ந்த தோலில் கட்டுக்கடங்காமல் திறந்துகொண்டால் ஒரு வகைத் தோல் புற்றுநோய் வருகிறது. அதே பாதையை அடைக்கும் மருந்து ஒன்று 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஈ, கோழி, எலி, ஆடு, மனிதர் என ஒரே மரபணு இவ்வளவு தூரம் வருவதற்குக் காரணம், விலங்குகள் பொது மூதாதையிடமிருந்து ஒரே கருவிப்பெட்டியைப் பெற்றிருப்பதுதான். எலியின் கண் மரபணுவை ஈயின் காலில் இயங்கவைத்தால் அங்கே கண் முளைக்கிறது. முளைப்பது ஈயின் கண்தான், எலியின் கண் அல்ல. ஸ்விட்சர்லாந்தில் வால்ட்டர் கேரிங்கின் குழு 1995-ல் காட்டிய இந்த முடிவு, மாதிரி உயிரிகளின் மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு வலுவான ஆதாரம். அந்த நம்பிக்கையின் எல்லையும் அதிலேயே இருக்கிறது. கருவி பொதுவானது, அதைக்கொண்டு கட்டப்படும் உறுப்பு அந்தந்த விலங்குக்கே உரியது.

தேர்வுக்குக் கொடுக்கும் விலை

1995-ல் ஜெசிகா போல்கர் ஒரு கட்டுரையில் இந்தத் துறையின் பழக்கத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். ஆய்வகத்துக்கு வசதியானவை என்று நாம் தேர்ந்த விலங்குகள் எல்லாம் விரைவாக வளர்பவை, சிறியவை, சூழலின் மாற்றத்துக்கு அசையாமல் ஒரே விதமாக வளர்பவை. விலங்குலகில் வளர்ச்சி என்பது பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வெப்பம், உணவு, பருவம் ஆகியவற்றுக்கு ஏற்ப உடலை மாற்றிக்கொள்ளும் உயிர்களை நாம் தொடக்கத்திலேயே வடிகட்டிவிட்டோம் என்பது அவர் வாதம். அவருக்குப் பின் வந்த சான்றுகள் அந்த வாதத்தைப் பலப்படுத்தியிருக்கின்றன.

ஈயின் விரைவை எடுத்துக்கொள்வோம். அதன் கருவில் முதல் பதின்மூன்று முறை உட்கருக்கள் மட்டுமே பிளக்கின்றன. செல்களைப் பிரிக்கும் சவ்வுகள் எழுவதில்லை. அந்தப் பொதுத் திரவத்தில், தலைப்பக்கம் அடர்ந்தும் வால்பக்கம் நீர்த்தும் பரவும் பைகாய்டு எனும் புரதம் எங்கே தலை என்று சொல்கிறது. 1988-ல் நிறுவப்பட்ட இது பாடநூல்களின் முதன்மை எடுத்துக்காட்டு. ஆனால் மாவு வண்டில் பைகாய்டு மரபணுவே கிடையாது. ஈ வகைகளில் பின்னாளில் கிளைத்த குடும்பங்களில் மட்டும்தான் அது உண்டு. ஒரே நாளில் லார்வாவாகிவிடும் அவசரத்துக்கு ஈயின் பரம்பரை கண்டுபிடித்த குறுக்குவழியை, வளர்ச்சியின் பொதுவிதி என்று பல மாணவர்கள் படித்துவிட்டார்கள்.

விரைவு மறைக்கும் இன்னொன்று, மெதுவாக வளர்வது எப்படி என்ற கேள்வியே. முதுகெலும்பாக மாறவிருக்கும் கண்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் இடைவெளி ஜீப்ரா மீனில் அரை மணி, கோழியில் ஒன்றரை மணி, எலியில் இரண்டு மணி, மனிதக் கருவில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றே. மனிதச் செல்லில் அவற்றின் புரதங்கள் உருவாவதும் சிதைவதும் மெதுவாக நடக்கின்றன என்பது, ஆய்வகத்தில் வளர்த்த மூலச் செல்களைக் கொண்டு 2020-ஐ ஒட்டித்தான் தெரியவந்தது. வேகமாக வளர்வதற்காகவே தேர்ந்த விலங்குகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

ஆய்வக வாழ்வு விலங்கையே மாற்றிவிடுவதும் உண்டு. ஜீப்ரா மீனின் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமை ஆய்வகங்கள் பல ஆண்டுகள் தேடின, கிடைக்கவில்லை. 2014-ல் வங்காளத்தின் நதியா, கூச் பிகார் முதலிய இடங்களிலிருந்து வந்த, காட்டு மூலத்துக்கு நெருங்கிய மீன்களில் பார்த்தபோது, நான்காம் குரோமோசோமில் அந்தப் பகுதி இருந்தது. பெருவாரியாகப் பயன்பட்ட இரண்டு ஆய்வக வம்சங்களில் அது தொலைந்துபோயிருந்தது.

எல்லாவற்றையும்விடக் கசப்பான பாடம் தாலிடோமைடு. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த இந்தத் தூக்க மருந்தைக் கர்ப்பகாலக் குமட்டலுக்கும் கொடுத்தார்கள். 1961-ல் திரும்பப் பெறுவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளோடு பிறந்ததாக மதிப்பிடப்படுகிறது. சினை விலங்குகளில் முறையான சோதனை நடக்காமலே மருந்து கடைக்கு வந்தது முதல் குற்றம். ஆனால் எலியில் மட்டும் சோதித்திருந்தாலும் அபாயம் தெரிந்திருக்காது. எலிக்குட்டிகளின் கைகால்கள் இந்த மருந்தால் கெடுவதில்லை. முயலிலும் குரங்கிலும் கெடுகின்றன. காரணம் 2018-ல் புலப்பட்டது. தாலிடோமைடு, மனிதச் செல்லில் கைகால் வளர்ச்சிக்குத் தேவையான சால்4 எனும் புரதத்தைச் சிதைவுக்கு அனுப்புகிறது. எலியில் இதற்குரிய புரதங்களின் அமைப்பில் உள்ள சிறு மாற்றத்தால் அந்தச் சிதைவு நடப்பதில்லை. மருந்துகளைக் குறைந்தது இரண்டு வகை விலங்குகளில், அவற்றில் ஒன்று கொறிக்கும் இனம் சாராததாக இருக்கும்படி சோதிக்கும் வழக்கம் இந்தப் பேரிழப்பின் பிறகே உறுதிப்பட்டது.

இனி எந்த உயிர்?

மாதிரி உயிரிகள் நம்மை ஏமாற்றிவிட்டன என்று நான் சொல்லவில்லை. ஹெட்ஜ்ஹாக் கதையில் எந்த ஒரு விலங்கை நீக்கினாலும் சங்கிலி அறுந்துபோகும். ஈ இல்லாமல் அந்த மரபணுவே தெரிந்திருக்காது. கோழி இல்லாமல் அது என்ன செய்கிறது என்பது விளங்கியிருக்காது. ஒரு விலங்கு தரும் விடையில் அதன் சாயல் எவ்வளவு என்பதை இன்னொரு விலங்குதான் பிரித்துக்காட்டும். ரூவின் தவளையைத் திருத்த ட்ரீஷின் கடல் முள்ளெலி வேண்டியிருந்தது. ஈயின் பைகாய்டை அளந்துபார்க்க மாவு வண்டு வேண்டியிருந்தது. ஆகவே நமக்குத் தேவை இன்னும் சிறந்த ஒற்றை விலங்கு அல்ல. ஒன்றையொன்று சரிபார்க்கும் பல விலங்குகள்.

பல பத்தாண்டுகளாக அதற்குத் தடையாக இருந்தது கருவிகளின் இழுப்பு. ஈக்கும் புழுவுக்கும் எலிக்கும் மரபணு வம்சங்களைச் சேமித்துவைக்கும் மையங்கள் உண்டு. நூறு ஆண்டு அறிவும், அதைப் பகிரும் சமூகமும் உண்டு. புதிய விலங்கை எடுக்கும் ஆய்வாளர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்ட வேண்டும். நல்கை தருபவர்களும் தெரிந்த விலங்கையே விரும்புவார்கள். 2012-க்குப் பின் கிரிஸ்ப்பர் முறையால் எந்த உயிரின் மரபணுவையும் திருத்தலாம் என்றானதும் அந்தத் தடை தளர்ந்திருக்கிறது. இழந்த காலை மீண்டும் வளர்க்கும் ஆக்ஸலாட்டல் எனும் நீர்நிலவாழ்வியின் மரபுத்தொகுதி, மனிதனுடையதைப் போலப் பத்து மடங்கு பெரிது. அது 2018-ல் படிக்கப்பட்டுவிட்டது. சில மாதங்களில் மூப்படையும் ஆப்பிரிக்கக் குட்டை மீன், துண்டு துண்டாக வெட்டினாலும் முழுப் புழுவாகும் தட்டைப்புழு, கடல் அனிமோன் ஆகியவை பழைய பட்டியலுக்கு வெளியிலிருந்து வருகின்றன.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. உலகின் ஆய்வகங்களில் நீந்தும் ஜீப்ரா மீனின் தாயகம் நம் ஆறுகளும் வயல் வாய்க்கால்களும். ஆய்வகத்தில் தொலைந்த மரபுச் செய்தி இன்னும் அந்த நீரில்தான் உயிரோடு இருக்கிறது. ஆக்ஸலாட்டல் உலகெங்கும் தொட்டிகளில் பெருகிய அதே காலத்தில், மெக்சிகோவின் சொச்சிமில்கோ வாய்க்கால்களில் அழிவின் விளிம்புக்குப் போய்விட்டது. வம்ச வங்கிகளைக் காக்கச் செலவிடும் அறிவியல், அந்த வம்சங்கள் வந்த நீர்நிலைகளைக் காப்பதையும் தன் வேலையாக ஏற்க வேண்டும்.

அதைவிட அடிப்படையான காரணம் ஒன்றும் உண்டு. கங்கையின் மீன்களை ஹாமில்டன் பட்டியலிட்டபோது, இந்தச் சிறுமீன் ஒரு நாள் இதயம் உருவாகும் விதத்தைக் காட்டித்தரும் என்று யாருக்கும் தெரியாது. அவர் அதைப் பொருட்படுத்தி விவரித்தார் என்பதால்தான் பின்னால் வந்தவர்கள் அதை இனங்கண்டார்கள். நாளைய கேள்வி எது என்பது நமக்குத் தெரியாத வரையில், அதற்கு விடை வைத்திருக்கும் உயிர் எது என்பதும் தெரியாது. பயன் புலப்படாத உயிர்களை அறிவதும் வாழவிடுவதும் வளர்ச்சி உயிரியலுக்கு வெளியே நடக்கும் தருமகாரியம் அல்ல. அந்த அறிவியலின் முதல் படியே அதுதான்.